பத்தாம் இடத்துக்காரர்கள்

பொக்லைன்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் ரத்தக் கொதிப்பு கிடையாது. ஏழாவது நாள், சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ஏறும், ஐந்து மணிக்கு இறங்கும். அவர் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒருமுறை சந்தேகம் வந்து, கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கே போய், இடைவேளையில் அவர் கையில் கட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "மாத்திரை வேணாம், கிளப்பை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கிளப்பை மாற்றுகிற ஆளா அவர்? இருபத்திரண்டு வருஷமாகக் கிழக்குப் பக்கம், ஆறாவது வரிசை, தூணுக்குப் பக்கத்து இருக்கை. அந்தத் தூண் ஒரு பக்கத்து கோல் கம்பத்தைப் பாதி மறைக்கும். "நம்ம பசங்க ஆட்டத்துக்கு பாதி பார்த்தா போதும்" என்பார்.

கால்பந்து லீக்கில் கிளப் மூன்றாம் டிவிஷன். மொத்தம் இருபது அணிகள். கடந்த பதினொரு வருஷத்தில் ஒன்பதாவதுக்கு மேலே போனதில்லை, பன்னிரண்டாவதுக்குக் கீழே இறங்கியதுமில்லை. படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் காலை மடக்கி வழிவிடும் ஆளைப் போல அது இருந்து வந்தது. ஒரு கோல் முன்னால் இருந்தால் அறுபதாவது நிமிஷத்தில் கோச் எழுந்து, கோல் போட்ட பையனை வெளியே கூப்பிட்டு, அவன் இடத்தில் இன்னொரு தடுப்பாட்டக்காரரை இறக்குவார். பொக்லைன்காரரும் அவர் மச்சினனும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஐம்பத்தொன்பது ஆனதும் மச்சினன் எழுந்து சோம்பல் முறிப்பான். "வண்டியை எடுக்கட்டுமா மாமா?"

கிளப்பின் தலைவர் மெத்தைத் தொழிற்சாலை முதலாளி. கிளப்பையும் தூங்கப் போட்டுவிட்டார் என்று ஊரே சொன்னது. ஆனால் ஆள் மோசமில்லை. ஒன்றாம் தேதியானால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் போய்விடும், கழிப்பறையில் தண்ணீர் வரும், கூரை ஒழுகாது. பக்கத்து ஊர் கிளப் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கி இரண்டாம் டிவிஷனுக்கு ஏறி, மூன்றே வருஷத்தில் திவாலாகி, அந்த மைதானத்தில் இன்று லாரிகள் நிற்கின்றன. இந்தக் கதையை வருடாந்தரக் கூட்டத்தில் தவறாமல் சொல்லி முடிப்பார்: "மேல போனா மூச்சு முட்டும், கீழ போனா மானம் போகும். நடுவுல நல்ல காத்துங்க." கூட்டத்தில் பாதிப் பேர் பல்லைக் கடிப்பார்கள். மீதிப் பேர் தேநீர் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

பொக்லைன்காரருக்கும் கிளப்புக்கும் இன்னொரு தொடர்பு இருந்தது. சீசன் முடிந்ததும் மைதானத்தின் பழைய புல்லை வேரோடு சுரண்டி எடுத்துவிட்டுப் புது விதை தூவ வேண்டும். அந்த வேலை அவர் வண்டி ஓட்டும் கம்பெனிக்கு, அதாவது அவருக்கு. அகலமான பக்கெட்டைப் போட்டு, தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டுவதுபோல ஒன்றரை அங்குலம் மட்டும் எடுப்பார். ஒன்பது வருஷமாக அவர் கைதான். நடுவட்டத்தில் சுரண்டப் புல்லே இருக்காது, நம்மவர்கள் பந்தை அங்கேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தால் வேறெப்படி இருக்கும் என்று சிரிப்பார்.

அந்த வருஷம் என்ன ஆயிற்றோ, கிளப் யாருக்கும் சொல்லாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஜனவரியில் ஏழாவது. மார்ச்சில் ஆறாவது. கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் ஐந்தாவது. முதல் மூன்று அணிகள் நேரே இரண்டாம் டிவிஷனுக்குப் போகும். நான்காவதும் ஐந்தாவதும், நான்காவதின் மைதானத்தில், அடுத்த புதன்கிழமை ஒரே ஒரு போட்டி ஆடி, ஜெயிப்பவர் மேலே. அதுவும் நம்முடைய மைதானத்தில் நடக்க வேண்டுமானால் நாம் ஜெயிக்க வேண்டும், நமக்கு மேலே இருப்பவன் தோற்க வேண்டும்.

இரண்டும் நடந்தன. அறுபதாவது நிமிஷத்தில் கோச் வழக்கம்போல இறக்கிவிட்ட தடுப்பாட்டக்காரர், கார்னர் கிக்கின்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கையில் பந்து தோளில் பட்டு உள்ளே போனது. அந்தப் பக்கத்து ஆட்டத்தின் முடிவு போனில் வந்தது. பொக்லைன்காரர் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து, அவர் தொப்பியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார்.

வாசலில் மைதானம் பராமரிக்கும் ஆள், குழாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அண்ணே, திங்கக்கிழமை ஏழு மணிக்குத்தானே வர்றீங்க?"

பொக்லைன்காரருக்குத் தலையில் இருந்த தொப்பி கனத்தது.

"புதன்கிழமை ஆட்டம் இருக்கேப்பா."

"அதான் நானும் ஆபீஸ்ல கேட்டேன். விதை வந்து இறங்கிருச்சாம், தேதி குடுத்தாச்சாம். அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடிக்கலாம்னு பேச்சு."

திட்டிக்கொண்டே வீடு வந்தார். தோற்பதற்கே தேதி குறித்து வைத்திருக்கிறார்கள், சீசன் முடிந்த கையோடு மைதானத்தைத் தோண்டுகிறவன் எப்படி மேலே போவான் என்று செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தார். மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பேச்சை முழுசாகக் கேட்டாள். பிறகு இரண்டு கேள்வி கேட்டாள்.

"ஒவ்வொரு ஜனவரியும் அந்தத் தேதியைச் சீட்டுல எழுதிக் குடுக்குறது யாருங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. அவர்தான். வண்டி எந்த வாரம் காலி என்று பார்த்து, சீசன் முடிந்ததும் வரும் திங்கட்கிழமையைத் தன் கையால் எழுதிக் கொடுத்து வந்தவர் அவர்தான். ஒன்பது வருஷமும் அந்தத் திங்களுக்கு அடுத்து ஒரு புதன்கிழமை வருகிறது என்பது ஒருமுறைகூட அவருக்குத் தோன்றவில்லை.

"சரி, இந்தப் பெட்டி எதுக்குங்க?" இது அவளுடைய இரண்டாவது கேள்வி.

கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருஷம். கடற்கரை ஊருக்கு நான்கு நாள். புதன்கிழமை காலை ஒன்பது மணி ரயில். லீவு எழுதிக் கொடுத்ததும் டிக்கெட் போட்டதும் அவரே.

"அப்ப சீசன் முடிஞ்சிரும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "கிளப்பு உங்களை நம்ப வைக்கலை, சரி. நீங்க எப்பங்க கிளப்பை நம்புனீங்க?"

அன்று ராத்திரி அவர் சோறு கேட்கவில்லை. அவள் போடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு பேர் கிளப் தலைவரின் மெத்தைக் கடைக்குப் போனார்கள். பொக்லைன்காரர், மச்சினன், ஊரிலேயே உரத்த குரல் உள்ள பல் டாக்டரம்மா, தபால்காரர். முதலாளி மரியாதைக்காரர். நாற்காலி இல்லாததால் விற்பனைக்கு வைத்திருந்த மெத்தைகளில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் நால்வரும் இடுப்புவரை உள்ளே போனார்கள். அந்த நிலையில் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். டாக்டரம்மா ஒவ்வொரு முறை கையை ஓங்கும்போதும் தபால்காரர் குலுங்கினார்.

இலட்சியமில்லாத கிளப், உப்புச் சப்பில்லாத ஆட்டம், பதினொரு வருஷமாக ஊர் ஏமாந்தது, எல்லாவற்றையும் முதலாளி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் கேட்டார். "புதன்கிழமை நம்ம மைதானத்துலயே ஆட்டம்னு வைங்க. நீங்க நாலு பேரும் வருவீங்களா?"

மச்சினன் தன் முழங்காலைப் பார்த்தான். அதற்கு ஆபரேஷன், புதன்கிழமை காலை பத்து மணிக்கு. சீசன் முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய தேதி. டாக்டரம்மா வெளியூரில் ஏதோ மாநாடு என்று மெல்லிய குரலில் சொன்னார், அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. தபால்காரர் விடுமுறையில் மாமனார் வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தார். பொக்லைன்காரர் ரயில் டிக்கெட்டைப் பற்றிச் சொன்னார்.

"நானும் ஊர்ல இல்லை. பஞ்சு வாங்கப் போறேன்" என்றார் முதலாளி. "போன மாசமே போட்ட டிக்கெட். ஆக நம்ம அஞ்சு பேர்ல ஒருத்தரும் நம்பலை. அதுல என்னை மட்டும் திட்ட வந்துட்டீங்க."

பொக்லைன்காரர் மெத்தையிலிருந்து எழ முயன்றார். முதல் முறை முடியவில்லை. இரண்டாம் முறை மச்சினனின் தோளைப் பிடித்து எழுந்து நின்றார்.

"திங்கக்கிழமைன்னு எழுதிக் குடுத்தது நான்தான் சார். வியாழக்கிழமைன்னு மாத்தி நானே எழுதித் தர்றேன். என் முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கு நாலு நாள் லீவு இருக்கு, ஆட்டத்துக்குப் போக மிச்சம் மூணு நாள்ல சுரண்டி முடிச்சுடறேன். உங்க விதைக்கு ஒண்ணும் ஆகாது."

"வந்து பாக்க ஆள் இல்லாம நாப்பது பேர் நின்னா எனக்கு அசிங்கம்" என்றார் முதலாளி.

"நான் வர்றேன்" என்றார் பொக்லைன்காரர். மனைவியைக் கேட்காமல் அவர் சொன்ன முதல் வாக்கு அது.

அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த மைதானத்துக்கு எழுதிய கடிதம் மேசையிலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டோம் என்று தபால்காரர் அதை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதலாளி தடுக்கவில்லை.

பொக்லைன் கம்பெனி முதலாளி அரை மணி நேரம் கத்திவிட்டு, வியாழனுக்கு வண்டி போகவேண்டியிருந்த பஸ் நிலையத்து வேலையைத் திங்களுக்கு மாற்றிக் கொடுத்தார். மனைவியிடம் சொல்வதுதான் பாக்கி. மச்சினன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதையும் சேர்த்து, வாசலில் நின்றபடியே சொன்னார். அவள் பெட்டியை மூடினாள், திறந்தாள், அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"தம்பிக்கு ஆபரேஷன் தள்ளிப் போச்சுன்னா அவன் பொண்டாட்டிக்கு ஆஸ்பத்திரி வேலை இல்லைல" என்றாள். "அவளைக் கூட்டிட்டுப் போறேன். உங்க டிக்கெட்ல அவ வரட்டும். நீங்க இங்க இருந்து என்னத்தைக் கிழிச்சீங்கன்னு வந்து கேட்டுக்கிறேன்."

இவ்வளவு சுலபமாக முடிந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

புதன்கிழமை மாலை இரண்டாயிரம் பேர் வந்தார்கள். பல வருஷமாகப் பூட்டியிருந்த மேற்குப் பக்கத்தைத் திறந்தால் இருக்கையெல்லாம் புறா எச்சம். மாநாட்டுக்குப் போகாத டாக்டரம்மா மருத்துவமனைக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு வரிசையையே துடைத்தார். முதலாளியும் வந்திருந்தார். பஞ்சு தானாக வரும் என்றார்.

முப்பதாவது நிமிஷத்தில் நம்மவர்கள் ஒரு கோல். அறுபதாவது நிமிஷத்தில், கடிகாரம் தவறினாலும் தான் தவறாத கோச், ஆள் மாற்றும் பலகையைத் தூக்கச் சொன்னார். கோல் போட்ட பையனின் எண். மச்சினன் கெந்திக் கெந்தி எழுந்தான். மைதானத்தில் ஒருவரும் கத்தவில்லை. இரண்டாயிரம் பேரும் ஒரே மாதிரி கழுத்தைத் திருப்பி முதலாளியைப் பார்த்தார்கள். கோச்சும் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார். முதலாளி கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பையனை உள்ளேயே விடு என்பதுபோல் கையை அசைத்தார். பலகை இறங்கியது.

அதற்கப்புறம் நடந்தது பதினொரு வருஷத்தில் யாரும் பார்க்காத ஆட்டம். எல்லோரும் முன்னால் ஓடினார்கள். இரண்டு முறை கம்பத்தில் அடித்தார்கள். பின்னால் ஆளில்லாததால் எண்பத்தைந்தாவது நிமிஷத்தில் எதிரணிக்காரர்கள் ஒன்று போட்டார்கள், கூடுதல் நேரத்தில் இன்னொன்று. ஒன்றுக்கு இரண்டு. தோல்வி. தூண் மறைத்த பக்கத்தில்தான் அந்தக் கடைசிக் கோலும் விழுந்தது. பொக்லைன்காரர் அதைப் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டார். வெளியே வரும்போது ஆளாளுக்கு வாயே மூடவில்லை. அந்தக் கம்பம், அந்தப் பையன், நடுவர் கண்ணுக்கு என்ன கேடு என்று பேருந்து நிறுத்தம்வரை பேச்சு. பத்தாவதாக முடிந்த வருஷங்களில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வண்டியை உள்ளே கொண்டுவந்தார். ஒரு வரிசை சுரண்டி முடிப்பதற்குள் முதலாளி ரப்பர் பூட்ஸோடு நடந்து வந்தார். கண் சிவந்திருந்தது. தூங்கவில்லை போல. மெத்தைக்காரருக்கே தூக்கம் இல்லை என்று மச்சினனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பொக்லைன்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"அந்தப் பையனை வெளிய எடுக்க விட்டிருந்தா ஜெயிச்சிருப்போமோ?" என்று கேட்டார் முதலாளி.

பொக்லைன்காரர் பொய் சொல்ல விரும்பவில்லை. "ஜெயிச்சிருக்கலாம் சார்."

"ம்."

"கை அசைச்சதுக்கு வருத்தப்படுறீங்களா?"

முதலாளி கோல் கம்பத்தின் பக்கம் திரும்பினார். "ராத்திரி பூரா அதைத்தான் நினைச்சேன். வருத்தம் வருமா வருமான்னு பார்த்தேன். வரலை." சட்டைப் பையிலிருந்து சின்ன நாட்காட்டி ஒன்றை எடுத்தார். "அடுத்த வருஷத்துக்கு இப்பவே எழுதிக் குடுத்துருங்க. எந்தத் திங்கள்?"

பொக்லைன்காரர் குனிந்து மே மாதத்தைப் பார்த்தார். கடைசி ஆட்டம் முடியும் சனிக்கிழமையைத் தாண்டினார், திங்களைத் தாண்டினார், புதனையும் தாண்டினார்.

"வியாழன்" என்றார்.

முதலாளி அந்த வியாழனைச் சுற்றி வட்டம் போட்டார். யோசித்துவிட்டு, அதற்கு முந்தின புதன்கிழமையில் ஊரில் இருக்கணும் என்று நுணுக்கி எழுதினார்.

"சரி, ஒதுங்கிக்கங்க சார்" என்றார் பொக்லைன்காரர், எஞ்சினைக் கிளப்பிக்கொண்டே. "நீங்க நிக்கிற இடம்தான் அடுத்து."