பல்லில் பட்டது கோல் இல்லை

போன வாரம் பட்டுக்கோட்டையில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். மேல்வரிசையில் முன்பல் இருக்க வேண்டிய இடத்தைத் தட்டிப் பார்த்தவர், "இது எப்படிங்க போச்சு? வண்டியில விழுந்தீங்களா?" என்றார். "ஐஸ் ஹாக்கி விளாடுறப்ப போச்சு டாக்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டது. போகட்டும். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுவதுதான்.

டாக்டரின் கையுறையில் ரப்பர் வாசனை. துபாயில் நான் வேலை பார்த்த ஐஸ் ரிங்கிலும், அதாவது ஐஸில் சறுக்கி ஆடுகிற கூடத்திலும், இதே வாசனைதான். சுற்றிலும் தரைக்கு ரப்பர் விரித்திருப்பார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வெளியே தார் உருகும் வெயில். உள்ளே நான் ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு வாடகை ஸ்கேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். விசாவில் கிளீனர். வளைகுடாவுக்குப் போய்க் குளிரில் விறைத்தவன் எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை காலை ரிங்க் வெள்ளைக்காரர்களுடையது. ஆயில் கம்பெனி, பேங்க் என்று வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு டீம். கேப்டன் ஒரு மொட்டைத் தலையன். பெயர் தெரியும், சொல்ல மாட்டேன். அந்த மரியாதைகூட அவனுக்குக் கிடையாது. அவர்களுடைய கோல்கீப்பர் வேலை மாறிப் போய்விட்டான். அவன் இடத்தில் நிற்க எவனும் வரவில்லை. எல்லோருக்கும் அடிக்கத்தான் ஆசை, அடி வாங்க யாருக்கு ஆசை? நாங்கள் தங்கியிருந்த அல் கூஸ் லேபர் கேம்ப்பின் கிரிக்கெட்டில் நான் விக்கெட் கீப்பர் என்று மொட்டையிடம் பெருமையாகச் சொல்லிவைத்தவர் எங்கள் சூப்பர்வைசர் இபுராகீம் காக்கா, கீழக்கரைக்காரர். அப்படித்தான் என்னைக் கோலில் நிறுத்தினார்கள். ஸ்கேட்டில் எனக்கு நிற்கவே வராது. முழங்காலில் இப்படியும் அப்படியும் வழுக்கிக்கொண்டு தடுத்தேன்.

நின்றதற்குக் கொஞ்சம் திர்ஹம் கொடுத்தார்கள். மற்றவர்கள் எல்லாம் காசு கட்டி ஆடியவர்கள், காசு வாங்கி ஆடியவன் நான் மட்டும். அப்படிப் பார்த்தால் அந்த ரிங்கின் ஒரே தொழில்முறை ஆட்டக்காரன் நான்தான். நீங்களும் சிரிக்காதீர்கள்.

பழைய கீப்பர் கால் பேடுகளை விட்டுவிட்டு முகமூடியை எடுத்துப் போயிருந்தான். ஒன்று வாங்கித் தரச் சொன்னேன். "நெக்ஸ்ட் வீக், மை ஃப்ரெண்ட்" என்றான் மொட்டை. அந்த நெக்ஸ்ட் வீக் வரவே இல்லை. கடைசியில் நானும் ரூம்மேட் தங்கராசுவும் பர் துபாய் முழுக்க அலைந்து ஒரு கிரிக்கெட் ஹெல்மெட் வாங்கினோம். பந்து நுழையாதபடி முன்னால் நல்ல கம்பி. ஐஸ் ஹாக்கியில் அடிப்பது பந்து இல்லையே, தட்டையான கறுப்பு ரப்பர் வில்லையாயிற்றே என்பது இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

மொட்டை அடித்த அடியில் அந்த வில்லை கம்பிக்கு நடுவே நுழைந்து, பல்லைப் பெயர்த்துவிட்டுக் கீழே விழுந்து, மெல்ல வழுக்கிக் கோல் கோட்டைத் தாண்டியது. நான் வாயெல்லாம் ரத்தமாக மல்லாந்து கிடக்கிறேன். அவன் இரண்டு கையையும் தூக்கி "கோல்!" என்று கத்துகிறான். பல் என்னுடையது, கோல் அவனுடையது. ஐஸில் சிந்திய ரத்தத்தைச் சுரண்டியதும் நான்தான். சட்டப் புத்தகம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தன் வாயை உடைத்துக்கொண்டு போவதெல்லாம் கோல் ஆகாது.

அவனுக்கே உறுத்தியிருக்க வேண்டும். குவைத் டீமோடு நடக்கப்போகும் பெரிய மேட்சில் நான்தான் கீப்பர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். முதுகில் நம்பர் போட்ட சட்டையோடு, ஆட்கள் பார்க்க ஒருநாள் நிற்க வேண்டும்; எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அதை நம்பித்தான் ஓட்டைப் பல்லோடு வாராவாரம் அடி வாங்கினேன். மேட்ச் அன்று ரூம் ஆட்கள் அத்தனை பேரும் பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வந்து பார்த்தால், கனடாவிலிருந்து இறங்கிய மொட்டையின் மச்சான் வண்ணம் தீட்டிய முகமூடியோடு கோலில் நிற்கிறான். மொட்டை என் தோளைத் தட்டி, ஆட்டக்காரர்கள் ஐஸுக்குள் போகிற சின்னக் கதவைக் காட்டி, அதைத் திறந்து மூடச் சொன்னான். அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

பாதி ஆட்டத்தில் மச்சானுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அலறியவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மொட்டை வழுக்கிக்கொண்டே வந்து, "கீப்பர், யல்லா! ஜல்தி!" என்றான்.

"போங்க தம்பி, ஒங்களுக்குன்னு வந்த நாளு இது" என்று காக்கா காதருகே சொன்னார். எனக்கும் கால் பரபரத்தது. ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் அவனைக் கேட்டேன்: அன்றைக்கு என் பல்லில் பட்டது கோல் இல்லை என்று முதலில் சொல்.

சொல்லிவிட்டுப் போயேன் என்று அவன் ஆட்களே பின்னாலிருந்து கத்தினார்கள். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இட் வாஸ் எ கோல்" என்றான்.

"அப்ப மாஃபி, முடியாது. நான் கிளீனரு" என்று கதவைச் சாத்தினேன்.

தொந்தி போட்ட பேங்க்காரன் ஒருத்தன் கோலில் நின்றான். குவைத்காரர்கள் அடித்ததெல்லாம் உள்ளே போனது. ஒவ்வொன்றுக்கும் தங்கராசு விசிலடித்தான். மறுநாளே என்னை அல் கூஸ் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். என் ஆட்ட வாழ்க்கை அத்தோடு முடிந்தது, கலாஸ்.

அந்த ரிங்க் இப்போது சோபா விற்கிற கடையாம். காக்கா கீழக்கரையில் மௌத்தாகிவிட்டார். தங்கராசுவின் நம்பர் வேறு யாருக்கோ போகிறது. மொட்டை மட்டும் எந்த ஊரிலாவது உட்கார்ந்து அந்தக் கோலைச் சொல்லிச் சொல்லிக் குடித்துக்கொண்டிருப்பான்.

நேற்றுப் புதுப் பல்லைப் பொருத்திவிட்டு டாக்டர் கண்ணாடியை நீட்டினார். "பாருங்க, பல்லு போன தடமே தெரியல." உண்மைதான், தெரியவில்லை. நான் அங்கே நின்றதற்கு இருந்த ஒரே சாட்சியையும் அடைத்தாகிவிட்டது.

"அது கோல் இல்லீங்க டாக்டர்" என்றேன். மரத்துப்போன வாயிலிருந்து என்ன வந்ததோ, அவர் குனிந்து கேட்டார்:

"என்னங்க, வலிக்குதா?"