எஞ்சின் அழுக்கில் தேடிய கல்

சுத்தமான எஞ்சினை நான் நம்புவதில்லை. இருபது வருஷம் ஓடிய வண்டி எங்கேயாவது எண்ணெய் கசியத்தான் செய்யும். பொனட்டைத் திறந்ததும் பளபளவென்று இருந்தால், விற்கப் போகிறவன் எதையோ கழுவி மறைத்திருக்கிறான் என்று அர்த்தம். கலவானைப் பக்கம் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டி கழுவுகிறவன் நான். இந்தச் சந்தேகப் புத்தி கழுவிக் கழுவி வந்ததா, பிறவியிலேயே இருந்ததா, தெரியாது.

அன்றைக்கு வந்த பழைய கெப் வண்டியை எனக்கு நன்றாகத் தெரியும். ஓட்டி வந்தவர் என் மச்சான், அக்காவின் புருஷன். தோட்ட வேலையை விட்டுவிட்டு ஒரு மாணிக்கக் குழி முதலாளியிடம் டிரைவராக இருந்தார். வழக்கமாகத் தனியாகத்தான் வருவார். அன்று முதலாளியும் பக்கத்து சீட்டில் வந்தார். மச்சான் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

நான் ஹோஸைக் கையில் எடுத்ததும் முதலாளி தடுத்தார். தண்ணீர் அடிக்கக் கூடாதாம். எஞ்சினில் அப்பியிருக்கும் கிரீஸையும் சேற்றையும் கையாலேயே சுரண்ட வேண்டும், சுரண்டியதெல்லாம் பேசினில் விழ வேண்டும், ஒரு துணுக்குகூடக் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானுக்குப் போகக் கூடாது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சிங்களத்தில் சொன்னார், மச்சான் காதில் விழும்படியாகவே. முந்தாநாள் குழியில் எடுத்த நீலக்கல் ஒன்றைக் காணோம். எல்லோர் உடம்பையும் சோதித்தாகிவிட்டது. அன்று குழியை விட்டு வெளியே போனது இந்த வண்டி மட்டும்தான்.

"ஹொந்தட்ட பலன்ன, மல்லி" என்றார். நன்றாகப் பார், தம்பி என்று.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் அக்கா புருஷனைத் திருடன் என்று நிரூபிக்க என் கையையே கேட்கிறார். கல் கிடைத்தால் மச்சான் ஜெயிலுக்குப் போவார், அக்காவும் இரண்டு பிள்ளைகளும் தெருவில் நிற்பார்கள். "நான் எடுக்கலீங்க" என்று மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பாட்டுக்கு மட்கார்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஓல்டர்னேட்டரையும் பியூஸ் பெட்டியையும் பிளாஸ்டிக் ஷொப்பிங் பேக்கால் மூடிக் கட்டினேன். பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டேன். மேலே எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கடியில் ரோட்டுத் தூசி, அதற்கும் அடியில் குழிச் சேறு காய்ந்து வெளுத்த களிமண். தகட்டை வைத்து நெம்பினால் பாளம் பாளமாக வந்தது. ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கிப் பார்த்துத்தான் பேசினில் போட்டேன். முதலாளி குடையைப் பிடித்துக்கொண்டு என் விரல்களையே பார்த்தார்.

நசுக்க நசுக்க என் மனசும் கெட்டுப்போனது. போன வாரம் அக்கா, "லயத்து வீட்டுக் கூரைய மாத்தப் போறோம், மச்சான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. எதை வைத்து மாற்றப் போகிறார்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு ஒவ்வொரு கிரீஸ் கட்டியும் நீலக்கல்லாகத் தெரிந்தது.

பெட்டரிக்குக் கீழே, கைக்கு எட்டாத மூலையில், கெட்டியாக ஒன்று விரலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிசு. நசுக்கினால் நசுங்கவில்லை. முதலாளி அப்போதுதான் சுருட்டுப் பற்றவைக்கக் குனிந்தார். யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாக மூடிக்கொண்டது, தானாகவே கால்சட்டைப் பைக்குள் போனது. நிமிர்ந்தால் மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி பேசினில் இருந்ததையெல்லாம் மூங்கில் வட்டிக் கூடையில் கொட்டி, குழி மண்ணை அரிக்கிற மாதிரியே மண்ணெண்ணெய் ஊற்றி அரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. "ஹரி", சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். நாளைக்கு வேலைக்கு வரும்படி மச்சானிடம் சொன்னதைக் கேட்டபோது என் நெஞ்சு லேசாகிவிட்டது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

அவர்கள் போனதும் கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதைத் துடைத்துப் பார்த்தேன். கல் இல்லை. மறை தேய்ந்த பழைய நட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சாயந்தரம் அதைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சானும் பார்த்துச் சிரிப்பார் என்றுதான் போனேன்.

தாளைப் பிரிக்கும்போதே அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"கல்லாடா?" என்றாள் மெதுவாக. பகலில் நடந்ததை மச்சான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"நட்டுக்கா" என்றேன்.

மச்சான் சிரிக்கவில்லை. நட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் தாளிலேயே வைத்தார்.

"மொதலாளி தேடுனாரு. அது அவரு கல்லு. நீ எதுக்கு மறைச்ச?"

"உங்களக் காப்பாத்தத்தான் மச்சான்."

"அப்ப நான் எடுத்துட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று சொன்னவன் கதைதான் என் கதை. அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையில் இன்னும் அடுப்புத் துணி இருந்தது.

"இவன விடு. நீ ஓடி வந்து என்னா கேட்ட?" என்றார்.

அக்கா குனிந்து நட்டைத் தாளில் மடித்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.