ஒரு வம்சம் வீழ்ந்ததற்கு ஏழு காரணங்கள்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் கீழ் வீட்டு ஆன்ட்டி காபூல்காரர். அவர் நாட்டை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு ஆண்ட பஷ்தூன் அரச குடும்பத்துக்கு அவர் கணவர் தூரத்து உறவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அகதியாக இங்கேயே தங்க அனுமதி கேட்டிருந்த ஆன்ட்டிக்கு அசைலம் இன்டர்வியூ வந்தது. மறுத்துவிட்டால் திரும்பிப் போக ஊரில் எதுவும் மிச்சமில்லை. தன் கதையை ஆங்கிலத்தில் எழுதித் தர ஆள் தேடினார். கம்ப்யூட்டர் மேனுவல் தவிர வேறெதுவும் எழுதியிராத நான், பெரிய சரித்திரப் பேராசிரியன் போலத் தலையசைத்தேன்.

ஒரு வாரம் லைப்ரரியே கதி. நம்மூர்ப் பள்ளியில் படித்தவனுக்கு அரச வம்சம் என்றால் இரண்டே தலைப்புதான்: எழுச்சி, வீழ்ச்சி. வீழ்ச்சிக்கு எண் போட்டுக் காரணம் எழுத வேண்டும். ஐந்துக்குக் குறைந்தால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். அண்ணன் தம்பிச் சண்டைகள், அரசர் வெளிநாடு போன நேரத்தில் ஒன்றுவிட்ட சகோதரரே ஆட்சியைப் பறித்தது, ஐந்தாண்டில் அவரையும் குடும்பத்தோடு அரண்மனையில் கொன்றது என்று நான் ஏழு எழுதினேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு.

என் மனைவி படித்துப் பார்த்தாள். "ஏங்க, இதுல ஆன்ட்டி எங்கங்க?"

"பேக்ரவுண்டு குடுத்திருக்கேன்மா."

"ஏன், ஆபீசர் மார்க் போடப் போறாரா?"

இவளுக்குப் பொறாமை என்று முடிவு கட்டி, கீழே போய் வாசித்துக் காட்டினேன். ஆன்ட்டி தேநீரைத் தொடாமல் கேட்டார். முடிந்ததும், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "மகனே, இதில் என் கணவர் எத்தனையாவது நம்பர்?"

ஏழு காரணங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அரண்மனை விழுந்த மறுவாரம், காலை. கணவர் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்திருந்தார். இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். மறு கன்னத்தை முடிக்க விடவில்லை. ஒன்றரைப் பக்கம்தான் வந்தது.

'கொல்லப்பட்டார்' என்று போட்டால் கேஸ் வலுவாகும் என்றார் ஆன்ட்டியின் வக்கீல். "போட்டுவிடலாம் ஆன்ட்டி" என்று நானும் கெஞ்சினேன்.

"நீ பார்த்தாயா? நானும் பார்க்கவில்லை. கொண்டுபோனார்கள் என்று எழுது."

பயந்துகொண்டே அப்படியே கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து அனுமதி வந்தது. அடுத்து நிரப்ப வேண்டிய படிவத்தில் 'திருமணமானவர்', 'விதவை' என்று இரண்டு கட்டங்கள். நான் தயங்குவதைப் பார்த்த ஆன்ட்டி, என் கையிலிருந்த பேனாவை வாங்கி முதல் கட்டத்தில் தாமே டிக் அடித்தார்.