ஓர் அடியில் தோற்பவர்

பந்து குழியின் விளிம்பு வரை உருண்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட வேண்டும். தவறி உள்ளே விழுந்தால் நிஷிவாகி தலையில் கை வைத்துக்கொள்கிறார். "அடப்பாவி, வுழுந்துருச்சே!" என்று பந்தைத் திட்டி, வெளியே எடுத்து மறுபடியும் தொடங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் மேட்டில் உள்ள எங்கள் கோல்ஃப் கிளப்புக்கு வந்தால் யாரும் இதைப் பார்க்கலாம். ஊரில் எல்லாரும் பந்தைக் குழியில் போடப் பழகும்போது இவர் மட்டும் போடாமல் இருக்கப் பழகுகிறார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நிஷிவாகி ஜப்பான்காரர். கோல்ஃபைத் தொழிலாகவே ஆடுகிறவர். அவருடைய பெயர் அட்டையில் 'தர ஆலோசகர்' என்று போட்டு, கீழே ஒரு ஜப்பானிய மின்னணுத் தொழிற்சாலையின் பெயர் இருக்கும். ஆனால் அந்தத் தொழிற்சாலைக்குள் அவர் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் அதன் டைரக்டரோடு ஆட வேண்டும். ஆடி, அவரைவிட ஓர் அடி கூடுதலாக அடித்து முடிக்க வேண்டும். கோல்ஃபில் குறைந்த அடியில் முடித்தவர்தான் ஜெயித்தவர்.

"ஜெயிக்கிறது ஈசிலா தம்பி," என்பார் என்னிடம். நான் அந்தக் கிளப்பில் கிளார்க். "ரொம்பத் தோத்தா, என்னடா வெளையாட்டுக் காட்டுறானான்னு டைரக்டருக்குக் கோவம் வரும். ஜெயிச்சா மொகம் சுருங்கிடும். மொகம் சுருங்குனா என் பர்மிட்டும் சுருங்கிடும்லா."

பர்மிட் என்பது இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதி. ஆண்டுதோறும் டைரக்டர் கையெழுத்துப் போட்டால்தான் நீளும். போடாவிட்டால் ஜப்பானுக்குப் போய், மச்சான் நடத்தும் பயிற்சி மைதானத்தில் கூடை தூக்கிக்கொண்டு பந்து பொறுக்க வேண்டும். அந்த மச்சானைப் பற்றிப் பேச்செடுத்தாலே நிஷிவாகி எச்சிலை விழுங்குவார்.

இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கிளப்பில் புல் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். காலைப் பசியாறலை அவர்களோடு கொட்டகையில் குந்தித்தான் சாப்பிடுவார். தோசையை முதலில் மட்டைபோல் சுருட்டிவிட்டு, அப்புறம் சம்பலில் தோய்ப்பார். பாடத்தில் வசவு முதலில் வந்தது; மரியாதைச் சொற்கள் பிறகு வந்து சேர்ந்தன.

சொந்த நாட்டில் அவர் வாழ்க்கைச் சரித்திரம் மிகச் சுருக்கமானது. தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கான தேர்வைப் பலமுறை எழுதி, தேர்வாளர்களுக்கே சலித்துப்போன ஆண்டில் தேறினார். தொலைக்காட்சியில் ஒரு தடவை வந்திருக்கிறார். கோப்பை வாங்கியவர் கை உயர்த்தி நின்றபோது, பின்னால் குனிந்து காலில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர் இவர். எழுபத்தேழில் கோலாலம்பூருக்கு ஒரு போட்டிக்கு வந்து, பாதியிலேயே வெளியேற்றப்பட்டு, விமானச் சீட்டுக்கு நாள் இருக்கிறதே என்று கடல் பார்க்கப் பஸ் ஏறிப் பினாங்கு வந்தார். அந்தக் கடலை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டைரக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நிஷிவாகி நிலையாக இருக்கிறார். புதியவர் வந்ததும் அவர் எங்கே பதறுவார், எந்தக் கையில் பலம் குறைவு என்றெல்லாம் கவனித்து, அதற்கேற்பத் தன் ஆட்டத்தைக் கெடுத்துக்கொள்வார். ஒவ்வொரு டைரக்டரும் ஊர் திரும்பும்போது, தொழில்முறை ஆட்டக்காரரையே தோற்கடித்தவர் என்ற பெயரோடு போயிருக்கிறார். தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் தேரின் முன்னால் நம்மவர்கள் பரீட்சையில் ஜெயிக்க, வழக்கில் ஜெயிக்க என்று தேங்காய் உடைப்பார்கள். இவரும் உடைத்தார். "ஒன்னுல தோக்கணும் சாமி, ரெண்டு வேணாம்" என்று வாய்விட்டு வேண்டியதைப் பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

சாமி கைவிட்டது போன மாதம், தொழிற்சாலைக் கோப்பைக்கான ஆட்டத்தில். இப்போதைய டைரக்டர் கவாபே. பர்மிட் தாள் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எண்ணிக்கை பார்க்க நானும் கூடவே நடந்தேன். மேட்டிலிருந்து கீழே அடிக்கும் குட்டைப் பாதை வந்தது. குழிக்குப் பக்கத்தில் ஒரு மணல் பள்ளம். நிஷிவாகி வழக்கம்போல மணலுக்குத்தான் குறிவைத்தார். புல் வெட்டுகிறவர்களில் யாரோ மணலைச் சீவிவிட்டு, மர வாரியை அப்படியே போட்டுப் போயிருக்கிறார்கள். பந்து அதன் பிடியில் பட்டு எகிறி, புல்லில் இறங்கி, நிதானமாக உருண்டு குழிக்குள் போய்விட்டது.

ஒரே அடி! கோல்ஃப் ஆடுகிறவன் வாழ்நாளெல்லாம் கனவு காண்கிற அடி. எனக்கே உடம்பு சிலிர்த்தது. நிஷிவாகிக்கு மட்டைப் பை தூக்குகிற பழனியப்பன், பந்து விழும் இடம் பார்க்க முன்னாலேயே கீழே போய் நின்றவன், தொப்பியைக் கழற்றிச் சுழற்றினான்.

"அண்ணே! ஒரே அடிலா! உள்ள போயிருச்சுண்ணே!"

கவாபேக்குத் தூரப் பார்வை சரியில்லை. கண்ணாடி போட்டால் வயதாகத் தெரியும் என்று போடுவதில்லை. தமிழும் தெரியாது. "அவன் என்ன கத்துகிறான்?" என்று எனக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

நிஷிவாகி கீழே குழியைப் பார்த்தார். அதில் நட்டிருந்த கொடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"பந்து காட்டுக்குள் போய்விட்டதாம், சார். கிடைக்காதாம்," என்றார்.

விதிப்படி ஓர் அடி தண்டம் ஏற்றுக்கொண்டு, வேறு பந்தை வைத்து அடித்தார். அது சொன்னபடி கேட்டு மணலில் புதைந்தது. பிறகு எங்களுக்கு முன்னால் இறங்கி ஓடி, டைரக்டருக்கு மரியாதை செய்கிற பாவனையில் கொடியைப் பிடுங்கினார். அந்தக் குனிவிலேயே குழிக்குள் இருந்த பந்து அவர் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

பழனியப்பனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "ஏண்ணே மறச்சீங்க? பேப்பர்ல படம் போடுவான்லா!"

"போடுவான்லா. அந்தப் பேப்பரக் காட்டுனா பர்மிட் குடுப்பானா?"

கோப்பை கவாபேக்குத்தான் போனது, ஓர் அடி வித்தியாசத்தில். மாலை விருந்தில் தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். டைரக்டர் நிஷிவாகியை முன்னால் அழைத்துத் தோளில் தட்டினார். மறுநாள் காலையில் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னார். கை தட்டினார்கள். குஷி வந்துவிட்டது அவருக்கு.

"இத்தனை வருடம் இதையே தொழிலாகச் செய்கிறார், பாவம், ஒரு தடவைகூட ஒரே அடியில் போட்டதில்லையாம்!" என்றார். "கவலை வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சொல்லித் தருகிறேன்."

மண்டபம் சிரித்தது. பழனியப்பன் கதவோரம் நின்று பல்லைக் கடித்தான். எழுந்து சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். நிஷிவாகி என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார்.

பிறகு டைரக்டருக்கு நன்றி சொல்லக் குனிந்தார். ஜப்பானியர் வணங்கினால் இரண்டு கைகளும் தொடையை ஒட்டி நேராக இறங்க வேண்டும். அவருடைய இடது கை இறங்கியது. வலது கை மட்டும் கால்சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கேயே நின்றது.