நாற்பது புத்தகங்களுக்காக ஒரு கோவைப் பயணம்

அன்னூருக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. 1996 பிப்ரவரியில் நான் போனதுகூட கோர்ட்டு சம்மன் வந்ததால்தான்.

அப்போது பழனியில் புவியியல் ஆசிரியராக இருந்தேன். நம் மாநிலங்களுக்குப் பெயர் வந்த விதம் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டிருந்தேன். அன்னூர் பக்கம் தோட்டக் கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஓலைக் கொட்டாயில் மாலை வகுப்பு நடத்தி வந்த மரகதம் அதைக் கேட்டு எழுதினார். நாற்பது பிரதிகளைப் பதிவுப் பார்சலில் அனுப்பினேன். நான்கு மாதத்தில் அந்தக் கொட்டாய் எரிந்தது. வண்டிப்பாதைக்காக அந்த இடத்தைக் கேட்டு வந்த பக்கத்துத் தோட்டக்காரர்மீது வழக்கு.

“அது ஒன்றுமில்லாத வெறும் ஓலை” என்றது எதிர்த்தரப்பு. சட்டத்தில் இது பெரிய வித்தியாசம். பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனைவரை போகலாம். உள்ளே புத்தகம் இருந்ததா என்பதற்குத்தான் நான் சாட்சி.

காலை ஏழு மணிக்குப் பழனியில் மீட்டர்கேஜ் ரயில். பத்தரைக்குப் போத்தனூர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம், இரண்டு ரூபாய். லாட்ஜில் பையை வைத்துவிட்டு (தொண்ணூறு ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம்) மதியத்துக்கு மேல் அன்னூர் பஸ் ஏறினேன். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம்.

கொட்டாய் இருந்த இடத்தில் கரிந்த மண்தான் இருந்தது. பக்கத்துக் களத்தில் தார்ப்பாய் விரித்து மரகதம் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “வகுப்ப நிறுத்தலீங்க. நிறுத்துனா அவிங்க நெனச்சது நடந்துபோடும்” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்.

“ஏனுங்க, பழனி வாத்தியாருங்களா? வழக்குல இருக்கறது எம்பட மச்சானுங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்த அலைச்சல்? காலைல ரயிலேறிப் போயிருங்க. புள்ளைகுட்டிக்காரரு நீங்க.”

குரல் கொஞ்சமும் உயரவில்லை. டிக்கெட் காசை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வேறு பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் பதினொன்றரைக்குக் கோவை கோர்ட்டில் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் புத்தகத்திலிருந்தே தொடங்கினார்.

“கேரளம்னு பேர் எப்படி வந்தது?”

“தென்னையால் என்பார்கள் சிலர், சேரர் பெயரால் என்பார்கள் சிலர். முடிவாகத் தெரியாது. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.”

“அப்ப, தெரியாததையும் எழுதுவீங்க. புத்தகம் கொட்டாய்ல இருந்ததைக் கண்ணால பார்த்தீங்களா?”

“பார்க்கவில்லை. நாற்பது அனுப்பினேன். மரகதம் கையெழுத்துப் போட்ட ஒப்புகை அட்டை வந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.”

மரகதத்தின் முகம் வாடிவிட்டது. காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கும் தோன்றியது.

அப்போது அரசு வக்கீல், சாம்பலிலிருந்து போலீஸ் எடுத்திருந்த கட்டு ஒன்றை என்னிடம் நீட்டினார். ஓரமெல்லாம் கருகியிருந்தது, நடுப்பக்கம் பிழைத்திருந்தது. அதில் ‘மேகாலயா, மேகங்களின் உறைவிடம்’ என்ற வரி. அச்சகத்தில் அதை ‘மோகாலயா’ என்று அடித்திருந்தார்கள். மரகதத்துக்கு அனுப்பிய நாற்பதிலும் உட்கார்ந்து பச்சை மையால் திருத்தியிருந்தேன். அந்தப் பச்சைக் கோடு அப்படியே இருந்தது.

“என் கைத்திருத்தம். இந்த நாற்பதில் மட்டும்தான் செய்தேன்.”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவு செய்தார். பின் வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த பஸ் வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்து வெளியே போனார்.

வாசலில் மரகதம் சொன்னார்: “பாக்கலீன்னு சொன்னப்ப பகீர்னு ஆயிப்போச்சுங்க. ஆனா அப்படிச் சொன்ன வாய் சொன்னதாலதான் பச்ச மையையும் நம்புனாங்க.”

சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு என் யோசனை: முதல் நாளே கோவை வந்துவிடுங்கள். பார்சல் அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள். யாராவது டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் வழக்கு கெட்டுப்போகாது.

ஆறு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தோட்டக்காரருக்கு நான்கு வருடம்; அப்பீல் போயிருக்கிறார். அதே இடத்தில் ஓடு வேய்ந்த கட்டடம் எழும்பிவிட்டது. கடைசி வரியில் மரகதம் எழுதியிருந்தார்: “இன்னும் நாற்பது வேணுங்க. இந்தத் தடவை பார்சல்ல போடாதீங்க, நீங்களே கொண்டாந்து குடுங்க.”

அந்தச் சனிக்கிழமையே கொண்டுபோனேன்.