மாட்டிக் கழற்றிய ப்ரொஃபைல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மரப்பலகையில் பூவேலையும் எழுத்தும் வெட்டித் தரும் ஒரு சி.என்.சி. ரவுட்டரை வீட்டிலேயே கட்டி, அதை வைத்து ஒரு சின்னப் பட்டறை தொடங்குவது என்று நானும் அக்காவும் முடிவு செய்தோம்.
2. அதன் சட்டத்துக்கு அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் தேடினோம். விற்பவர்கள் அதை ப்ரொஃபைல் என்கிறார்கள்.
3. அதே மாதங்களில் அம்மா, அக்காவின் இரண்டாவது கல்யாணத்துக்கு வரன் தேடினாள். திருமணத் தளத்தில் அதற்கும் ப்ரொஃபைல் என்றுதான் பெயர்.
4. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு ப்ரொஃபைலை வேண்டாம் என்றேன்.
5. அக்கா அதைக் கேட்டாள்.
6. கொஞ்ச நாளில் அவள் கோயம்புத்தூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

ஐந்தாவது வரி வெகு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் நினைத்தது கூட இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் மாடி வீடு. அதற்கும் மேலே மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு, துவாக்குடியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் டிசைன் வேலை பார்க்கிறேன். அக்கா உள் அலங்காரம் படித்தவள். கல்யாணம் ஆகும்வரை சென்னையில் சமையலறை அலமாரிகள் வரைந்துகொண்டிருந்தாள். கல்யாணம் ஒரு வருடம் கூட நிற்கவில்லை. கோர்ட்டு வேலைகள் முடிந்து இரண்டு பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தவள், நாள் முழுக்க வரைந்துகொண்டே இருந்தாள். பூஜையறைக் கதவு, ஜன்னலுக்கு ஜாலி என்கிற துளைவேலைப் பலகை, வாசல் பெயர்ப்பலகை. வெளியே வெட்டக் கொடுத்தால் அவள் கோடு ஒன்றாகவும் வந்த வெட்டு வேறாகவும் இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மெஷின் நம்மகிட்டயே இருந்தா எப்டிக்கா இருக்கும்?" என்று கேட்டேன். வந்தபிறகு முதல்முறையாக அவள் என் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துத் தின்றாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

இந்த இயந்திரம் பெரிய மாயம் ஒன்றுமில்லை. வெட்டும் மோட்டார் ஒன்று, அதைத் தாங்கும் குறுக்குப் பாலம் ஒன்று, பாலம் முன்னும் பின்னும் ஓட ஒரு சட்டம். கணினி சொல்லும் வழியில் மோட்டார் நகரும். சட்டம் வளைந்தால் வெட்டும் வளையும். ஆகவே முதல் வேலை, வளையாத கம்பத்தைத் தேர்ந்தெடுப்பது. எக்ஸ்ட்ரூஷன் என்பது அச்சு வழியே பிதுக்கி எடுத்த அலுமினியக் கம்பம். நான்கு பக்கமும் நெடுக ஒரு காடி, அதாவது பள்ளம், ஓடும். அந்தக் காடியில் நட்டைச் செருகி எந்த இடத்தில் வேண்டுமானாலும் முறுக்கலாம், வெல்டிங் வேண்டாம். நாற்பதுக்கு நாற்பது, நாற்பதுக்கு எண்பது, நாற்பத்தைந்துக்குத் தொண்ணூறு என்று மில்லிமீட்டரில் அளவுகள். அதிலும் சுவர் மெல்லியது லைட், கனமானது ஹெவி.

முதலில் மலைக்கோட்டைக்குக் கீழே அலுமினியக் கடைகளில் ஏறி இறங்கினோம். ஒரு கடைக்காரர், "கதவுக்காம்மா, ஜன்னலுக்கா?" என்றார்.

"மெஷினுக்குங்க" என்றேன்.

"அதென்ன மெஷின்?"

"மரத்துல கோலம் போடற மெஷின்" என்றாள் அக்கா.

"கோலத்தையும் மெஷின்கிட்ட விட்டாச்சா? அப்ப காலைல எழுந்து நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"தூங்குவோங்க."

அவர் சிரித்தபடி எடுத்துக் காட்டியதெல்லாம் ஜன்னல் செக்ஷன். கையால் திருகினாலே முறுக்கிக்கொண்டது. காடி உள்ள கம்பம் அவரிடம் இல்லை. பிறகு வெளியூர் விற்பனையாளர்களிடமிருந்து மாதிரித் துண்டுகளாக வரவழைத்தோம்.

எங்கள் வீட்டில் நிஜமான சமதளம் என்று ஒரே இடம்தான் உண்டு. சமையலறையின் கிரானைட் மேடை. வந்த துண்டுகளை அதன் மேல் வரிசையாக வைப்போம். பின்னால் செல்போன் விளக்கை அடித்தால், வளைந்த இடத்தில் அடியில் வெளிச்சக் கீற்று தெரியும். மூலையை அழுத்திப் பார்த்தால் முறுக்கு உள்ளது ஆடும். நான் குனிந்து கீற்றைப் பார்ப்பேன், அக்கா விரலால் அழுத்திப் பார்ப்பாள். அவள் விரல் என் கண்ணை விடச் சரியாக இருந்தது.

"மாவு வைக்க எடமில்ல. இரும்பக் கொண்டாந்து அடுக்கி வெச்சிருக்கீங்க" என்பாள் அம்மா.

"அலுமினியம்மா."

"அண்டாவும் அலுமினியந்தான். அதுல சோறாவது வடிக்கலாம்."

அப்படி ஒருநாள் நாங்கள் மேடையருகே நிற்கும்போதுதான் அம்மா என் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு ப்ரொஃபைல் வந்திருக்கு, பாருங்கடி" என்றாள்.

அக்கா தலையைத் திருப்பாமல், "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்டாள்.

"என்ன எத்தனைக்கு எத்தனை? எம்.காம். கரூர்ல சொந்த வீடு."

"சுவர் கனம் எவ்ளோன்னு கேளும்மா. லைட் செக்ஷன்னா லோடு தாங்காது."

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அன்றிலிருந்து அது எங்கள் இருவரின் பாஷை ஆயிற்று. கம்பம் வளைந்திருந்தால், "மாப்பிள்ளை கொஞ்சம் கோணல்" என்போம். வரனின் போட்டோ பளபளவென்று இருந்தால், "மேல் பூச்சு மட்டுந்தான், உள்ள ஒண்ணுமில்ல" என்போம். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அம்மாவுக்கு எப்போதும் குழப்பம். எங்களுக்குக் குழப்பமே வராது என்று நினைத்திருந்தேன்.

திருமணத் தளத்தில் அக்காவின் பக்கத்தை நிரப்பியது நான்தான். வீட்டில் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னுடையது. தொடர்புக்கு என் எண்ணையே கொடுத்திருந்தேன். மணப்பெண்ணைப் பற்றி எழுதும் இடத்தில், "சில நாட்களே வாழ்ந்தவர்னு போடு" என்றாள் அம்மா. பேப்பர் விளம்பரங்களில் வருகிற வாசகம் அது.

"பதினோரு மாசம்மா."

"எல்லாரும் அப்படித்தான் போடறாங்க. போடு."

போட்டேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "லைட்டா யூஸ் பண்ணது. சிங்கிள் ஓனர்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதையும் எங்கள் பாஷையில் ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

வந்த வரன்களில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் அவள், "பேசிப் பாக்கலாம்" என்று சொன்னாள். தஞ்சாவூர்க்காரர். ஒரு கல்லூரியில் நூலகர். அவருக்கும் அது இரண்டாவது கல்யாணம். பொழுதுபோக்கு என்ற இடத்தில், பழைய சைக்கிள்களை வாங்கிச் சரிசெய்து ஓட்டுவேன் என்று எழுதியிருந்தார். அக்கா என் போனை வாங்கி அந்த வரியை இரண்டாவது முறை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலிருந்து என் எண்ணுக்குக் கூப்பிடுவதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு மாலை நான் மாடி அறையில் இருந்தேன். போன் வந்தது. தஞ்சாவூர் இல்லை. துவாக்குடியில் பழைய இயந்திரங்களைப் பிரித்து விற்கும் ஒரு வியாபாரி. எங்கள் அலுவலகத்துக்குச் சாமான் போடுகிறவர். பாலத்துக்குக் கனமான கம்பம் தேடுவதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஏதோ ஒரு கன்வேயரைப் பிரித்ததில் நாற்பத்தைந்துக்குத் தொண்ணூறு ஹெவி கிடைத்திருப்பதாகவும், படம் அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். நான் சொன்ன பதில் எனக்கு முழுதாக நினைவிருக்கிறது. பிறகு அதைப் பல தடவை நினைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

"ப்ரொஃபைல் போட்டோ பாத்தேங்க. ஆனா வேணாங்க. ஏற்கெனவே ஒரு எடத்துல மாட்டிக் கழட்டினதுதானே. பாக்க நல்லாத்தான் இருக்கும். எங்க ஓட்டை, எங்க வளைவுன்னு தெரியாது. அதை நம்பி நாங்க ஒண்ணக் கட்ட முடியாதுங்க. லேட்டானாலும் பரவால்ல, புதுசே பாத்துக்கறோம்."

வெளியே வந்தபோது மேல்படியில் என் காபி டம்ளர் இருந்தது. ஆடை படிந்திருந்தது. அம்மா கூப்பிட்டிருப்பாள், அக்கா வைத்துவிட்டு இறங்கியிருக்கிறாள் என்று நினைத்து, அங்கேயே நின்று குடித்தேன்.

தஞ்சாவூர்க்காரர்கள் அன்று கூப்பிடவில்லை. திங்கட்கிழமை பேசுகிறோம் என்று செய்தி மட்டும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. அதை நான் வாய்விட்டுப் படிப்பதற்குள் அக்கா அம்மாவிடம், "தஞ்சாவூர் வேணாம்மா. சொல்லிடச் சொல்லு" என்றாள்.

"ஏன்க்கா? பேசிப் பாக்கலாம்னியே?" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லா கேக்கறடி" என்றாள்.

மனசு மாறிவிட்டது போல என்று எண்ணிக்கொண்டேன். அம்மா சொன்னபடி, தளத்தில் "விருப்பமில்லை" என்ற பொத்தானை நானே அழுத்தினேன்.

அதற்குப் பிறகு அக்கா கிரானைட் மேடைப் பக்கம் வரவில்லை. புது மாதிரித் துண்டு வந்திருக்கிறது, அழுத்திப் பார் என்று கூப்பிட்டால், "நீயே பாரு. எது தேறும், எது தேறாதுன்னு உனக்குத்தான் தெரியும்" என்பாள். நான் அதைப் பாராட்டு என்றே நினைத்தேன். கோயம்புத்தூரில் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனியில் வேலை கிடைத்ததை, கிடைத்த பிறகுதான் சொன்னாள். பட்டறை என்ன ஆவது என்று கேட்டேன். "சட்டம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றாள். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது, "முடிஞ்சா போட்டோ அனுப்பு" என்றாள். அம்மா அழுதாள். நான் அவள் பெட்டியை மேலே ஏற்றுவதில் மும்முரமாக இருந்தேன்.

புதுசே வாங்கினேன். நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து ஹெவி. நாலு பக்கமும் சட்டம் கூட்டி, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாகும்வரை இழுத்து முறுக்கினேன். அதுவரை நன்றாகவே வந்தது. பாலத்துக்கு வாங்கிய நாற்பதுக்கு எண்பது லைட்தான் காலை வாரியது. நடுவில் மோட்டாரைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்தால் அதிர்ந்தது. பலகையில் அலை அலையாக வரி விழுந்தது. அந்தத் துண்டை அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பவில்லை.

ஆடிப்பெருக்குக்கு லீவு போட்டு வந்தாள். தெரு முழுக்க ஆற்றுக்குப் போகும் கூட்டம். நாங்கள் இருவரும் மாடி அறையில் இருந்தோம். அவள் சட்டத்தின் மூலையை விரலால் அழுத்தினாள். ஆடவில்லை. "நல்லா வந்திருக்குடி" என்றாள்.

"பாலந்தான் சரியா வரலக்கா. துவாக்குடிக்காரர் ஒரு கன்வேயர் ப்ரொஃபைல் தரேன்னு போன் பண்ணார். பழசு, மாட்டிக் கழட்டினது, வேணாம்னுட்டேன். அத வாங்கிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அவள் விரல் காடியிலேயே நின்றது. "எப்ப பண்ணார்?"

"ஒரு ஞாயித்துக்கெழம. நீ காபிய படில வெச்சிட்டுப் போனியே, அன்னிக்கு."

"அது அலுமினியமா?"

"வேற என்ன?"

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சட்டத்தின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் தஞ்சாவூர்னு நெனச்சேன்டி" என்றாள். "அவரத்தான் நீ வேணாங்கறேன்னு. கழட்டினதுன்னு."

எனக்கு அந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஓட்டை. வளைவு. நம்பி ஒன்றைக் கட்ட முடியாது. அவள் மேல்படியில் டம்ளரோடு நின்று, அவரைப் பற்றி என்று நினைத்துக் கேட்ட அத்தனையும் அவளுக்கும் பொருந்தும்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா."

"என்னன்னு கேக்கறது?" என்றாள். அப்புறம், மெதுவாக, "சேச்சே, இவ அப்படிப் பேசமாட்டான்னு எனக்குத் தோணியிருக்கணும்ல? தோணவே இல்லடி. அதான்."

அவளுக்கு ஏன் தோணவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் "சில நாட்களே வாழ்ந்தவர்" என்று டைப் அடித்தவள் நான். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அன்று சாயங்காலமே இருவரும் போனில் தஞ்சாவூர்ப் பக்கத்தைத் தேடினோம். இவருக்குத் திருமணம் நிச்சயமாகிவிட்டது என்று வந்தது. "சைக்கிள்காரருக்குச் சவாரி கெடச்சாச்சு" என்றாள் அக்கா. அம்மா அறை வாசலில் நின்று, "யாருக்குடி?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் துவாக்குடி வியாபாரியைக் கேட்டேன். கம்பம் எப்போதோ விற்றுவிட்டது. "ஓட்டையெல்லாம் ரெண்டு ஓரத்துலதான் மேடம் இருந்துச்சு. போட்டோல தெரிஞ்சிருக்குமே" என்றார். படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். தெரிந்தது. பாரம் நடுவில் விழும் பாலத்துக்கு ஓரத்து ஓட்டைகள் ஒரு குறையே இல்லை. அவ்வளவு தூரம் அன்று நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

இப்போதைய நிலவரம் இது. சட்டம் மாடி அறையில் இருக்கிறது, மேலே தார்பாய் போட்டிருக்கிறேன். பாலம் இல்லை. அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறோம். திரும்பி வருவதைப் பற்றி அவள் பேசவில்லை. திருமணத் தளத்தில் அவள் பக்கத்தை அவள் சொல்லி எடுத்துவிட்டேன். கடைகளில் கேட்கும்போது நான் இப்போது செக்ஷன் என்றே கேட்கிறேன்.