பாதி நிரம்பிய குழாய்

ஆய்வகத்தில் அவருக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். குறி வரை நிரம்பாத ரத்தக் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்று அவர் சாப்பிடப் போன நேரத்தில் அப்படியொரு குழாயைச் சோதித்துவிட்டார்கள். கல்லீரல் மாற்றுக்குக் காத்திருந்த துப்புரவுத் தொழிலாளியின் ரத்தம் அது; உறைய அதிக நேரமாகிறது என்று முடிவு வந்தது.

“வெட்டினா ரத்தம் நிக்காது. பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு,” என்றார் டாக்டர், சாப்பிட்டுத் திரும்பிய அக்காவிடம்.

“குழாய் பாதிதான் இருக்கு சார். ரத்தம் குறைஞ்சா, உறையாம தடுக்க அதுல ஊத்தின மருந்து தூக்கலாயி, நல்ல ரத்தமும் உறையாத மாதிரி காட்டும். பெரிய மனுஷன் ரத்தம்னா இப்படி அரைகுறையா எடுத்திருப்பாங்களா?”

“நேரமில்லம்மா.”

“தானமா வந்த கல்லீரல் ஐஸ்ல இருக்கு, ஓடிப்போகாது. முக்கால் மணி நேரம் கொடுங்க.”

அக்காவே மாடியேறி, நோயாளியிடம் குறி வரை புதிதாக ரத்தம் எடுத்துவந்து சோதித்தார். உறையும் நேரம் அறுவைக்கு ஏற்ற அளவில் இருந்தது. அடுத்த ஆளிடம் வரவேண்டாம் என்று டாக்டரே போன் செய்தார்.